டாங்கி விற்ற காசு எத்தனை நாள் வரும்?

ரெஜியோ எமிலியா என்ற பெயரை நீங்கள் அநேகமாக ஏதாவது ஒரு பாலர் பள்ளியின் விளம்பரப் பலகையில்தான் பார்த்திருப்பீர்கள். "ரெஜியோ முறைக் கல்வி" என்று பெரிதாகப் போட்டிருக்கும், கட்டணத்தை மட்டும் போட மாட்டார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். என்னதான் அது என்று தோண்டப் போனபோது, கல்வி முறையைவிட அதன் வரவு செலவுக் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அது வட இத்தாலியில் ஒரு நகரம். 1945 ஏப்ரல் 25 இத்தாலியின் விடுதலை நாள். அடுத்த சில நாட்களிலேயே, நகருக்குச் சற்று வெளியே வில்லா செல்லா என்ற சிற்றூரில் மக்கள் சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கட்ட இறங்கிவிட்டார்கள். காசுக்கு என்ன வழி? பின்வாங்கிய ஜெர்மானியப் படை விட்டுப்போன ஒரு டாங்கி, சில லாரிகள், குதிரைகள். எல்லாவற்றையும் விற்றார்கள். ஒரு விவசாயி நிலத்தைச் சும்மா கொடுத்தார். குண்டு விழுந்து இடிந்த வீடுகளிலிருந்து செங்கல், ஆற்றிலிருந்து மணல். வேலை ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும். இதைக் கேள்விப்பட்ட லோரிஸ் மலகுட்சி என்ற இளம் ஆசிரியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பார்க்கப் போனார். அன்று மாட்டியவர், 1994-இல் இறக்கும்வரை இந்த வேலையை விடவில்லை.

இந்த டாங்கிக் கதையோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். நல்ல கதைதான், இல்லைங்கலை. ஆனா யோசிச்சுப் பாருங்க, டாங்கியை ஒரு தடவைதான் விற்க முடியும். சுவர் எழுந்துவிடும். மாசா மாசம் ஆசிரியைக்குச் சம்பளம்? மத்தியானச் சாப்பாடு? எங்கள் மென்பொருள் தொழிலிலும் இதே கதைதான். புதுசாக எழுதக் காசு கொடுக்க ஆள் கிடைக்கும், பத்து வருஷம் பராமரிக்கக் கேட்டால் முகம் மாறிவிடும்.

அந்தப் பக்கத்தில் இப்படிப் பெற்றோர் கட்டிய பள்ளிகள் இன்னும் சில உண்டு. இத்தாலியப் பெண்கள் ஒன்றியம் நிறைய உழைத்தது. சில மூடிப்போயின. மற்றவை கிடைத்ததை வைத்து ஏறக்குறைய இருபது வருஷம் இழுத்துப்பிடித்தன. அன்றைய இத்தாலியில் பாலர் பள்ளி என்றால் பெரும்பாலும் திருச்சபை நடத்துவது. தன் பொறுப்பு ஆரம்பப் பள்ளியில்தான் தொடங்குகிறது என்று அரசு இருந்தது.

1963-இல் ரெஜியோ நகராட்சி தன் செலவில் முதல் பாலர் பள்ளியைத் திறந்தது. பெயர் ராபின்சன். 1967-இல் பெற்றோர் நடத்திய பள்ளிகளும் நகராட்சியிடம் வந்தன. எனக்கு இந்த இடம்தான் முக்கியம். செங்கல் சுமந்து கட்டியவர்களுக்கு அதைத் தூக்கிக் கொடுக்க மனசு லேசில் வந்திருக்காது. கொடுத்தார்கள், ஆனால் முழுசாக விடவில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் பெற்றோர், ஆசிரியர், ஊர்க்காரர் சேர்ந்த குழு உண்டு. சம்பளம் நகராட்சியுடையது, கேள்வி கேட்கும் உரிமை ஊருடையது.

தேசிய அளவில் அரசுப் பாலர் பள்ளிக்குச் சட்டம் வந்தது 1968-இல், அதாவது ராபின்சன் திறந்து ஐந்து வருஷம் கழித்து. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் காப்பகங்களுக்கு 1971-இல் தனிச் சட்டம் (எண் 1044). ஐந்தாண்டில் 3,800 காப்பகங்கள் என்று இலக்கு. அதற்காக முதலாளிகளிடம் சம்பளத் தொகையில் 0.10 சதவீதம் வசூல். கட்டி நடத்தும் பொறுப்பு நகராட்சிகளுக்கு. இலக்கை எட்டவில்லை. எமிலியா-ரோமாஞா போன்ற வட்டாரங்களில் நிறைய வந்தன, தெற்கில் சொற்பம். சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான், நகராட்சிகள் ஒன்றில்லை.

1991-இல் நியூஸ்வீக் பத்திரிகை ரெஜியோவின் தியானா பள்ளியை உலகின் தலைசிறந்த பள்ளிகளில் ஒன்றாகச் சொன்ன பிறகுதான் வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். விளம்பரப் பலகைகளெல்லாம் அதற்கு அப்புறம்.

அந்த நகராட்சிப் பள்ளிகளின் பட்டியலில் இன்றும் '25 ஏப்ரல்' என்று ஒரு பெயர் இருக்கிறது. வில்லா செல்லா பள்ளியின் பெயர் அது.