மூடிய கதவும் முதியோர் வாழ்வும்



முதுமையடைந்த பெற்றோரைப் பேணுதல் மக்களின் கடன் என்பது நம்மவர் நெடுங்காலமாகக் கொண்டுள்ள கொள்கை. ஆயின், மக்களில்லாதவரும் மக்களாற் கைவிடப்பட்டவரும் எங்கே செல்வர்? இவ்வினாவுக்குச் சட்டத்தின் வாயிலாக விடைகூற முற்பட்ட நாடுகளுள் இங்கிலாந்து ஒன்று. அந்த விடை எவ்வாறு பிழைத்தது, பின்னர் எவ்வாறு திருந்தியது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

1834ஆம் ஆண்டில் அந்நாட்டிலே புதிய வறியோர் சட்டம் நிறைவேறியது. உதவி வேண்டுவோர் 'வேலையில்லம்' எனப்பட்ட விடுதியிற் சேரல் வேண்டும். அங்குள்ள வாழ்வு வெளியிலுள்ள ஏழைக் கூலியாளின் வாழ்விலுந் தாழ்ந்ததாயிருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படை. உழைக்க வல்லவர் சோம்பியிருத்தலைத் தடுக்கவே அவ்விதி வகுக்கப்பட்டது. ஆயினும், உழைத்து ஓய்ந்த முதியோரும் அதனுள் அகப்பட்டனர். அவர்களுக்கும் சீருடை, அவர்களுக்கும் அளந்த உணவு. ஐம்பதாண்டு ஒருங்கு வாழ்ந்த கணவனும் மனைவியும் வாயிலிலேயே பிரிக்கப்பட்டு, வெவ்வேறு பகுதிகளில் வைக்கப்பட்டனர்.

அவ்வில்லங்களுள் நிகழ்ந்தவற்றை வெளியுலகு எளிதில் அறியவில்லை. 1845ஆம் ஆண்டில் அன்டோவர் என்னும் ஊரிலிருந்து ஒரு செய்தி வந்தது. உரத்துக்காக எலும்பு இடிக்கும் வேலையில் அமர்த்தப்பட்டோர், பசி பொறுக்காது அவ்வெலும்புகளில் ஒட்டியிருந்த மச்சையைக் கடித்துத் தின்றனர் என்பதே அச்செய்தி. அவ்வில்லத்தை மேற்பார்த்த சபையினருள் ஒருவர் மனம் பொறாது வெளியே உரைத்தமையால் அன்றோ அது பாராளுமன்றத்துக்கு எட்டியது! விசாரணை நடந்தது. 1847ஆம் ஆண்டில், வறியோர் சட்டத்தை நடத்திய ஆணைக்குழு நீக்கப்பட்டு வேறொரு சபை அமைக்கப்பட்டது. அறுபது வயதுக்கு மேற்பட்ட தம்பதியரைப் பிரித்தலாகாது என்ற சலுகையும் அவ்வாண்டிலேயே வந்தது.

சட்டம் மாறினும் கதவு மூடியே இருந்தது. 1853ஆம் ஆண்டில் லூயிசா துவைனிங் என்னும் அம்மையார், தமக்குப் பழக்கமான ஒரு மூதாட்டியைக் காண இலண்டனிலுள்ள வேலையில்லம் ஒன்றுக்குச் சென்றார். அங்கே நோயுற்ற முதியோரைப் பேணியவர் பயிற்சி பெற்ற தாதியரல்லர். அவ்வில்லத்தில் வாழ்ந்த வறியவரே. எழுத்தறியாதவர் மருந்தளந்தனர், தாமே தள்ளாடியவர் பிறரைத் தூக்கினர். பெண்கள் சிலர் முறையாக வந்து இம்முதியோரைக் காண இசைவு தருக என அம்மையார் வேண்டினார். அதிகாரிகள் மறுத்தனர். அவர் தளரவில்லை. 1858ஆம் ஆண்டில் வேலையில்லங்களைச் சென்று காண்போருக்கென ஒரு சங்கம் தோன்றியது. வறியவரையே தாதியராக அமர்த்தும் வழக்கத்தை அரசு 1897ஆம் ஆண்டில் விலக்கியது. ஒரு சிறு நீதிக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

கொடுமை நீங்கினாற் பராமரிப்பு முழுமையாகிவிடுமா? இதற்கு விடை கண்டவர் மார்ஜரி வாரன் என்னும் வைத்தியர். 1935ஆம் ஆண்டில் அவர் கடமையாற்றிய மேற்கு மிடில்செக்ஸ் வைத்தியசாலையுடன், அயலிலிருந்த பழைய வேலையில்ல நோயாளர் விடுதியும் இணைக்கப்பட்டது. அங்கு 714 படுக்கைகள் இருந்தன. விழுந்துவிடுவர் என்று அஞ்சிப் படுக்கையிலேயே கிடத்தப்பட்டவர் பலர். கிடந்தமையாலேயே அவர்தம் தசைகள் மெலிந்தன. மூட்டுகள் மடங்கி இறுகின. உடலிற் படுக்கைப் புண்கள் தோன்றின. வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்தார். நோயறிந்து மருந்தளித்தார், எழுந்து உட்காரவும் நடக்கவும் பழக்கினார். இனி எழார் என்று எண்ணப்பட்டவர் பலர் எழுந்தனர். சிலர் வீடு திரும்பினர். பாதுகாப்பு என்ற பெயரால் மனிதரை அசையாது வைத்தலும் ஒருவகைத் தீங்கே என்பதை உலகு அன்று உணர்ந்தது.

1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம் பழைய வறியோர் சட்டத்தை ஒழித்து, முதியோருக்கு இல்லம் அமைக்கும் பொறுப்பை உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. பத்தாண்டு கழிந்தபின் பீற்றர் ரவுண்சென்ட் என்னும் சமூகவியலறிஞர், இங்கிலாந்திலும் வேல்சிலும் உள்ள 173 இல்லங்களை நேரிற் சென்று கண்டார். அவர் ஆய்வு 1962ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. பெயர்ப்பலகை மாறியிருந்த பழைய வேலையில்லக் கட்டடங்களிலேயே முதியோர் பலர் இன்னும் வாழ்ந்தனர். புதிய இல்லங்களிலோ தூய்மை இருந்தது, உணவு இருந்தது, பணியாளரிற் பலரிடம் அன்பும் இருந்தது. எனினும், செய்வதற்கு ஒரு வேலையுமின்றி, தமக்கென ஒரு மூலையுமின்றி, சுவரோரம் வரிசையாக அமர்ந்திருந்த முதியோரை அவர் கண்டார். எழும் வேளையும் உண்ணும் வேளையும் பிறரால் வகுக்கப்பட்ட வாழ்வில், தனிமையே அவர்களுக்குப் பெருந்துயராயிற்று.

இவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று. நம் நாட்டிலும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளைக் காக்கவென இயற்றப்பட்டது. முதியோர் தங்கிவாழும் நிலையங்கள் பதிவு பெறுதல் வேண்டுமென்பதும் அதன் ஏற்பாடுகளுள் ஒன்று. பதிவு வேண்டியதே, மேற்பார்வையும் வேண்டியதே. ஆயினும், இரவில் அழைக்கும் முதியவரின் குரலுக்கு எவர் வருகின்றார் என்பதைப் பதிவேடு கூறாது. நேற்று நடந்தவர் இன்று ஏன் நடக்கவில்லை என்று அது வினவாது. அவற்றை வினவுதற்கு, உள்ளே சென்று அருகிருந்து பேசுங் கண்ணும் செவியும் வேண்டும்.

துவைனிங் அம்மையார் அன்று சட்டத்தைத் திருத்தும் எண்ணத்தோடு சென்றாரல்லர். தெரிந்த ஒரு மூதாட்டியைக் கண்டு வரவே சென்றார். நம் ஊரிலுள்ள இல்லத்திலும் அத்தகைய மூதாட்டி ஒருவர் இருக்கலாம். திருநாளன்று உணவு கொடுத்துத் திரும்புவதோடு நில்லாது, அறிவியாத ஒரு நாளிற் சென்று அவரோடு சிறிது நேரம் பேசியிருப்போமாக. வாயிலைக் கடந்து வருவார் உளரெனின், உள்ளிருப்பாரின் வாழ்வும் காக்கப்படும்.