தாதுப் பஞ்சம் முதல் மதிய உணவு வரை

தென்பாண்டிச் சீமையில் பஞ்சம் என்றாலே முதியோர் குறிப்பிடுவது தாது வருடப் பஞ்சத்தையே. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அப்பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பஞ்சம் தொடங்கிய அதே 1876ஆம் ஆண்டில்தான் தூத்துக்குடிக்கு இரயில் வந்தது. துறைமுகம் இருந்தது, இரயிலும் இருந்தது, தானியம் வாங்க ஏழையின் கையில் காசுதான் இல்லை. பிழைப்புத் தேடி இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கப்பலேறியோர் பலர்.

அன்றைய அரசின் நிவாரணம் எத்தகையது? உழைத்தால்தான் உணவு என்பதே விதி. 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் அக்கூலியையும் குறைத்தார். ஓர் ஆடவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஓரணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. உழைக்கும் உடல் இதைத் தாங்காது என மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதிட்டார். பின்னரே கூலி உயர்ந்தது.

ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்குப் பின், இன்று நம் மாவட்டத்தில் அடங்கிய எட்டயபுரத்தில் வேறொரு வழி பிறந்தது. 1956இல் முதலமைச்சர் காமராஜர் அங்கு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு உறுதுணையாக நின்றார். முதலில் ஊர்மக்களின் நன்கொடையால் அடுப்பெரிந்தது. பின்னர் ஒரு பிள்ளையின் உணவுக்கு அரசு 6 காசும் ஊரார் 4 காசும் ஏற்றனர். பசித்த பிள்ளை உழைத்துக் காட்ட வேண்டியதில்லை. பள்ளிக்கு வந்தால் போதும். இவ்வழியிலேயே 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவும், 2022இல் காலை உணவுத் திட்டமும் வந்தன.

ஆயினும் பசி வேறு உருவில் நீடிக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. வயிறு நிறைந்தும் சத்துக் குறைந்த நிலை இது. நம் கடற்கரையிலோ, மழை மாதங்களில் உப்பளத் தொழிலாளருக்கு வேலையில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அம்மாதங்களில் முதலில் குறைவது தாய்மாரின் தட்டும் குழந்தையின் முட்டையுமே.

ரமலானில் அரசு தரும் அரிசியோடு நம் பங்கையும் சேர்த்து நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறோம். பள்ளிவாசலில் கஞ்சி வாங்க வருபவரிடம் எவரும் வறுமைக்குச் சான்று கேட்பதில்லை. எட்டயபுரம் காட்டிய வழியும் இதுவே. எஞ்சிய பதினொரு மாதங்களிலும், குறிப்பாக மழைக்காலத்திலும் மீன்பிடித் தடைக்காலத்திலும், நம் மஹல்லாவின் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முட்டையும் பயறும் கீரையும் தடையின்றிக் கிடைக்க என்ன செய்யலாம் என்பதை ஜமாஅத்தார் அனைவரும் கூடிச் சிந்திப்போமாக.