சுருட்டை முடியும் உப்புத் தண்ணீரும்

திருச்சுழிக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கோயிலில் சொல்லும் கதை நம் பக்கத்து வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். பிரளய வெள்ளம் வந்தபோது சிவபெருமான் சூலத்தால் பூமியில் துளை போட்டார், வெள்ளம் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது, அதனால் சுழியல் என்பார்கள். சுந்தரர் பாடிய பாண்டிநாட்டுத் தலம். அதே சொல்லைத்தான் உச்சந்தலையில் முடி வட்டமிட்டுக் கிளம்பும் இடத்துக்கும் வைத்திருக்கிறோம். பிள்ளை பிறந்தால் வீட்டுப் பெரியவர்கள் தலையைத் தடவிச் சுழி எத்தனை என்று பார்ப்பார்கள். ரெட்டைச் சுழி என்றால் ரெண்டு கல்யாணம் என்று கேலி கிளம்பும். நான் எழுத வந்தது சுழியைப் பற்றி அல்ல. அதிலிருந்து கிளம்பும் முடி நேரே போகாமல் சுருண்டு போகிறதே, அந்தச் சுருட்டை முடியை நம் வறண்ட பூமியில் எப்படிப் பேணினார்கள், அந்தப் பழக்கம் எப்படிக் கைநழுவியது என்பதைப் பற்றி.

தமிழில் முடிக்கு இருக்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள். கூந்தல், ஓதி, குழல், கதுப்பு, அளகம். பெண்கள் கூந்தலை ஐந்து வகையாக முடிப்பார்கள் என்பதால் ஐம்பால் என்று ஒரு சொல். அந்த ஐந்தையும் உரைகாரர்கள் வரிசைப்படுத்தும்போது அதில் ஒன்றுக்குச் 'சுருள்' என்றே பெயர். சங்கப் புலவர்கள் கூந்தலுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன உவமை 'அறல்'. ஆற்றில் நீர் வடிந்தபின் கருமணலில் வரிவரியாக அலை படிந்து கிடக்குமே, அதுதான் அறல். வெள்ளம் வடிந்த குண்டாற்றைச் சின்ன வயதில் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கம்பி போல் நேராக நிற்கும் முடியைப் பார்த்து ஒரு புலவனுக்கு அறல் நினைவுக்கு வந்திருக்காது. நெளிந்த முடியை அழகு என்று கொண்டாடிய மொழி இது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் அலை முடிக்கு 'ஓந்துலே', வளையம் விழும் முடிக்கு 'பூக்லே', இறுகச் சுருண்டதற்கு 'ஃப்ரிஸே', அதற்கும் மேலே பஞ்சு போல் அடர்ந்ததற்கு 'க்ரெப்யூ' என்று தனித்தனிச் சொற்கள். வகுப்பில் என்னையும் காரைக்காலிலிருந்து வந்த ஒரு பையனையும் 'க்ரெப்யூ' என்று கூப்பிடுவார்கள். அது வெறும் வர்ணனை இல்லை என்று அந்த வயதிலேயே புரிந்தது.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1820-களில் போரி தெ சேன்-வேன்சான் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர், மனித குலத்தையே நேர்முடிக்காரர், கம்பளிமுடிக்காரர் என்று இரண்டாகப் பிரித்தார். 1860-களில் பாரிஸில் ப்ரூனர்-பே என்ற மருத்துவர், முடியைக் குறுக்கே மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். வெட்டுமுகம் வட்டமா, முட்டை வடிவமா, தட்டையா என்று பார்த்து இனம் பிரித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லூயி லாப்பிக் என்ற உடலியல் அறிஞர் தென்னிந்திய மலைகளுக்கே வந்து, பழங்குடியினரிடம் சுருள் முடியைத் தேடினார். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலிலும் மூக்கின் அளவோடு முடியின் சுருளும் இடம்பெற்றது.

இதில் வேடிக்கை என்னவென்றால் ப்ரூனர்-பே கண்ணால் பார்த்ததில் பாதி சரி. சுருட்டை முடியின் வெட்டுமுகம் பெரும்பாலும் நீள்வட்டம்தான், அது முளைக்கும் குழியும் வளைந்தது. அதிலிருந்து மனிதர்களை மேல் கீழ் என்று அடுக்கியதுதான் தவறு. ஒரே வீட்டில் அண்ணனுக்குக் கம்பி முடியும் தங்கைக்குச் சுருட்டையும் இருப்பதை அவர்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் வந்து ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

அந்த வளைந்த குழியால் வரும் உண்மையான விளைவு வேறு. தலைத்தோலில் ஊறும் எண்ணெய் நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருண்ட முடியில் ஒவ்வொரு வளைவிலும் தங்கிவிடுவதால் நுனிக்குப் போய்ச் சேராது. ஆகவே சுருட்டை முடி இயல்பிலேயே வறண்டது. ஒன்றோடொன்று பின்னிச் சிக்காகும், இழுத்தால் வளைவில் ஒடியும். பேணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எந்த முடியாக இருந்தாலும் நம் ஊர்க்காரர் ஒருவரே சாட்சி. 1879-இல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி, 1896 செப்டம்பரில் திருவண்ணாமலை சேர்ந்த அன்று மொட்டையடித்துக்கொண்டார். பிறகு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு குளியலும் இல்லை, சவரமும் இல்லை. முடி சடையாகிக் கூடை முடைந்தது போல் ஆகி, அதற்குள் தூசியும் சிறு கல்லும் சேர்ந்து தலை கனத்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். மறுபடி மழித்தபோது தலை இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு லேசாகிவிட்டதாம். அவர் துறவி, கவலையில்லை. குடும்பத்தில் இருப்பவர்களுக்குத் தலைமுழுக்கு வேண்டும்.

லீவுக்கு அம்மாச்சி ஊருக்கு வருவேன். திருச்சுழியிலிருந்து மாட்டு வண்டியில் போகும் தூரம். அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பு. சமைக்க ஒரு தண்ணீர், புழங்க ஒரு தண்ணீர். தலைக்குக் குளிப்பது வாரத்துக்கு ஒருநாள்தான். ஆண்களுக்குச் சனிக்கிழமை, பெண்களுக்கு வெள்ளிக்கிழமை. தண்ணீர்ப் பஞ்சத்தால் வந்த கட்டுப்பாடு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் வறண்ட முடிக்கு அடிக்கடி அலசாமல் இருப்பதே நல்லது.

அம்மாச்சி செய்தது இதுதான். நல்லெண்ணெயைக் கைபொறுக்கும் சூட்டில் காய்ச்சி, முடியை நாலு பாகமாகப் பிரித்து, நுனியிலிருந்து தேய்ப்பாள். உச்சியில் ஒரு கை எண்ணெய் என்றால் நுனிக்கு இரண்டு கை. அரைமணி, முக்கால் மணி ஊறவிட்டபின் அரப்பு. சீயக்காய் மலைச்சரக்கு, காசு கொடுத்துக் கடையில் வாங்க வேண்டும். அரப்பு என்பது உசிலை மரத்து இலை. உசிலம்பட்டிக்குப் பெயர் கொடுத்த மரம். நம் காட்டிலும் தானாக நிற்கும். இலையை நிழலில் உலர்த்தி இடித்து, வடிகஞ்சியில் குழைத்துத் தேய்ப்பாள். சில நாள் செம்பருத்தி இலை, சில நாள் வேலியோரத்துச் சோற்றுக்கற்றாழைச் சதை, ஊறவைத்து அரைத்த வெந்தயம். இவை எல்லாவற்றிலும் ஒரு வழுவழுப்பு இருக்கிறது. அந்த வழுவழுப்புத் தலையில் இருக்கும்போதே, ஈரத்திலேயே, விரலால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுப்பாள். பெரிய சிக்கு என்றால் சிணுக்கோலி. காய்ந்த தலையில் சீப்பை வைத்தால் கையில் அடி விழும். கடைசியில் ஈரிழைத் துண்டால் ஒற்றி எடுத்து, தலையில் சுற்றிவிடுவாள். பரபரவென்று துவட்டக் கூடாது.

எதற்கும் அவள் காரணம் சொன்னதில்லை. பின்னாளில் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டவை இவை. உப்புத் தண்ணீரில் சுண்ணச்சத்தும் மெக்னீசியமும் உண்டு. சோப்பு அவற்றோடு சேர்ந்தால் நுரைக்காது, வெள்ளைத் திப்பியாகத் திரிந்து முடியில் ஒட்டிக்கொள்ளும். சோப்பின் காரத்தன்மை முடியின் மேல்செதிலையும் கிளப்பிவிடும். அரப்பு, சீயக்காய் நுரை வேறு வகை. அதைத் தாவரச் சப்போனின் என்கிறார்கள். உப்புத் தண்ணீரோடு அது அப்படித் திரிவதில்லை, எண்ணெயை ஒட்ட உரித்தெடுப்பதும் இல்லை. அதாவது உசிலை இலை நம் தண்ணீருக்கென்றே அமைந்த மாதிரி. தேங்காயெண்ணெய் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. 2003-இல் ரேலே, மொஹிலே என்ற இரண்டு மும்பை ஆய்வாளர்கள், அது முடிக்குள் ஊடுருவிப் புரதம் கரைவதைக் குறைக்கிறது, மினரல் ஆயிலும் சூரியகாந்தி எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை என்று காட்டினார்கள். நம் பக்கம் தென்னை குறைவு, எள்ளும் ஆமணக்கும்தான் விளைந்தன. கையிலிருந்ததைத் தேய்த்தார்கள்.

பிறகு சோப்பு வந்தது. எங்கள் வீட்டில் உடம்புக்குப் போடுவதையே தலைக்கும் போட்ட காலம் ஒன்று உண்டு. கம்பி முடிக்காரர்கள் எப்படியோ தப்பித்தார்கள். சுருட்டை முடிப் பெண்களின் தலை தேங்காய் நார் போல ஆனது. 'பரட்டை' என்ற வசைச்சொல் பள்ளிக்கூடத்திலும் பெண் பார்க்கும் வீட்டிலும் தாராளமாகப் புழங்கியது. கெட்டது முடி அல்ல, உப்புத் தண்ணீரில் போட்ட சோப்பு என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்து ஷாம்பு. கடலூர் சின்னி கிருஷ்ணன் குடும்பம் பொட்டலத்தில் ஷாம்பு விற்ற கதை பிரபலமானது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலோடு சிக் ஷாம்பு தொடங்கினார். சில்லறைக் காசுக்கு ஷாம்பு பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கியது. இதை நான் திட்ட மாட்டேன். உப்புத் தண்ணீரிலும் நுரைத்த சரக்கு, ஏழை வீட்டுக்கும் எட்டியது, இலை பறித்து இடிக்கும் வேலை பெண்களுக்கு மிச்சமானது. ஆனால் அது எண்ணெயைச் சுத்தமாக உரித்துவிடும். வாரம் ஒருமுறை என்பது ஒன்றுவிட்டு ஒருநாள் ஆனதும் சுருட்டை முடிக்குத்தான் நட்டம்.

இப்போது விஷயம் இன்னும் முற்றிவிட்டது. மதுரையில் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி முடியை நேராக்கப் பணம் கேட்டாள். "தாத்தா, எல்லாரும் பண்றாங்க, எனக்கு மட்டும் காடு மாதிரி இருக்கு" என்றாள். அந்தக் 'காடு' என்ற சொல் என்னைக் குத்தியது. அவளே யோசித்துச் சொன்னதாக எனக்குப் படவில்லை. நேராக்கும் மருந்துகள் சிலவற்றில் சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு வெளியாகும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே முடிவு செய்துவிட்டது. அவளிடம் அதைச் சொன்னேன். கூடவே, மேல்நாட்டில் இன்று சுருட்டை முடிக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதை எடுத்துக் காட்டினேன். அடிக்கடி ஷாம்பு போடாதே, நுரை குறைந்ததைப் போடு, ஈரத்தில் விரலால் சிக்கெடு, டவலால் தேய்க்காமல் பருத்தித் துணியால் ஒற்று, தூங்கும்போது உச்சியில் தளரக் கட்டிக்கொள். அம்மாச்சி இதை எழுதி விற்றிருந்தால் எங்கள் குடும்பம் இப்போது மாடி வீட்டில் இருந்திருக்கும். பேத்தி ஆறு மாதம் பார்க்கிறேன் என்று தவணை கொடுத்திருக்கிறாள்.

பிரெஞ்சு தேசத்தில் இன்னொன்றும் நடந்தது. முடியைச் சீவி இனம் பிரித்த அதே நாட்டில், 2024 மார்ச் 28 அன்று, முடியின் அமைப்பு, நிறம், நீளம், அலங்காரம் காரணமாக வேலையில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்ற மசோதாவைக் கீழ்ச்சபை நிறைவேற்றியது. கொண்டுவந்தவர் குவாதலூப் தீவின் உறுப்பினர் ஒலிவியே செர்வா. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 2019-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டது. செய்தியைப் பிரெஞ்சிலேயே படித்தேன். காரைக்கால் நண்பன் இருந்திருந்தால் அவனுக்குப் படித்துக் காட்டியிருப்பேன்.

நம் ஊருக்கு வருகிறேன். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்தாலும் அது குடிக்கத்தான். தலைக்கு இன்றும் போர்த் தண்ணீர்தான், அதே உப்பு. முடிந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு செம்பு நல்ல தண்ணீர் எடுத்துவையுங்கள். உசிலை நின்ற இடங்களில் பெரும்பாலும் சீமைக்கருவேலம் நிற்கிறது. ஆனாலும் கண்மாய்க் கரைகளில் தேடினால் கிடைக்கும். நாட்டு மருந்துக் கடையில் அரப்புத்தூள் வாங்குபவர்கள் மூலிகைக் கலவை என்று எழுதியதை விட்டு, வெறும் இலைத்தூளாகக் கேளுங்கள். கண்ணில் பட்டால் எரியும், பிள்ளைகளுக்குத் தலையைப் பின்னால் சாய்த்துத் தேயுங்கள். பொடுகும் அரிப்பும் உள்ளவர்கள் எண்ணெயை ஊறவைப்பதற்கு முன் தோல் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. இலையே கிடைத்தால் வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்தி, துணியில் சலித்து வையுங்கள். திப்பி இருந்தால் சுருட்டை முடியில் மாட்டிக்கொண்டு அடுத்த வெள்ளிக்கிழமை வரை போகாது.