பதினைந்து கிராம் ஸ்ட்ரைக்கர்

ஒரு காலத்தில் கேரம் ஸ்ட்ரைக்கரை யானைத் தந்தத்தில் கடைந்தார்கள். அந்தக் கனமும் வழவழப்பும் பிறகு வந்த எதிலும் இல்லை என்று சாதிக்கிற பழைய ஆட்டக்காரர்கள் உண்டு. 1989-இல் தந்த வணிகத்தைத் தடைசெய்ய உலக நாடுகள் முடிவெடுத்தன. இன்றைய கேரம் விதிகளும் தந்தத்தை உலோகத்தோடு சேர்த்து ஒதுக்கிவிட்டன. அந்த இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது.  ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமையும் விட்டம் 4.13 செ.மீ.யையும் தாண்டக் கூடாது. இந்த அளவுகளைக் கட்டிக்காக்கும் சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-இல் பிறந்ததே சென்னையில்தான்.

சென்னைக்காரர் மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலக சாம்பியன் ஆனதும், 2024-இல் அமெரிக்காவில் புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா மூன்று தங்கம் வென்றதும் இந்தச் சின்ன வட்டை வைத்துத்தான். அவையெல்லாம் வேகமான விரல்களின் கதை. எனக்கு அக்கறை, வடசென்னையின் மணலி புதுநகரில் ஆலை வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் விரல்கள் மேல்.

அந்த விரலைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆள்காட்டி விரலின் கணு வீங்கியிருக்கும், சுண்டினால் சுளீரென்று வலிக்கும். பெரியவர் சத்தமில்லாமல் கட்டைவிரலுக்கு மாறிவிடுவார். போரிக் பவுடரை ஒரு சிட்டிகை கூடத் தூவிக்கொள்வார். போர்டு வழுக்கினால் லேசாகத் தள்ளினாலே காயின் ஓடும். விதிப்படி 15 வினாடிக்குள் அடித்தாக வேண்டும். நடுங்கும் கை ஸ்ட்ரைக்கரை இரண்டு கோட்டிலும் தொடுகிற மாதிரி வைக்கவே அவ்வளவு நேரம் பிடிக்கும். முதியவர்கள் ஆட்டத்தில் முதலில் தூக்க வேண்டியது அந்த விதியைத்தான். கோட்டைத் தொடும் விதியையும், சிவப்புக் காயைப் போட்டதும் தன் காய் ஒன்றைப் போட்டாக வேண்டிய ‘ஃபாலோ’ விதியையும் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது, சண்டைக்கு ஒரு காரணம் வேண்டாமா? “யோவ், ஃபாலோ போடாம ரெட்டு எப்படிய்யா உன்னுது?” என்று எழுபது வயதுக்காரர் எதிராளியிடம் குரலை உயர்த்தும்போது அவர் உடம்பில் வந்துசேரும் தெம்பு மாத்திரையில் வராது.

அதற்காகக் கேரமை உடற்பயிற்சி என்று விற்கவும் நான் தயாரில்லை. 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்பும், மூன்று நாளாவது தடுமாற்றத்தைத் தடுக்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. ஸ்டூலில் உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம் இதில் எதையும் தராது. ஆனால் போர்டு நாலு தெரு தள்ளி இருந்தால் போகவர நடந்தாக வேண்டும். அதனால் போர்டை வீட்டுக்குள் வாங்கிப் போடாதீர்கள்.

இந்த ஊரில் வீட்டுக்குள் போர்டு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கொசஸ்தலை ஆற்று வெள்ளம் மணலி புதுநகருக்குள் புகுந்தது. தண்ணீரில் ஊறிய பிளைவுட் போர்டு உப்பிக் கோணிக்கொள்ளும், பிறகு விறகுக்குத்தான். ஸ்ட்ரைக்கருக்கு ஒன்றும் ஆகாது, கழுவித் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். போர்டு மேடான பொதுக் கட்டடம் ஒன்றின் மாடியில் இருக்கட்டும் என்றால் மூட்டுவலிக்காரர் படியேற முடியாது. தரைத்தளத்தில் போட்டு, மழைக்காலத்தில் மட்டும் இளவட்டங்கள் மேலே தூக்கி வைப்பதே நடக்கிற காரியம். போர்டை வைக்கும் ஸ்டாண்டு 63 முதல் 70 செ.மீ. உயரம் என்பது விதி. வாங்கும்முன் சக்கர நாற்காலி ஒன்றை உள்ளே தள்ளி, முழங்கால் இடிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.