டயானா டவ்ராசி: கடல் கடந்த கூடைப்பந்து வாழ்க்கை

டயானா டவ்ராசி (பிறப்பு: ஜூன் 11, 1982) அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை. 2004 ஏதென்ஸ் முதல் 2024 பாரிஸ் வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக் போட்டிகளில் தங்கப் பதக்கம் வென்றவர். அமெரிக்க மகளிர் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் 10,646 புள்ளிகள் எடுத்து, அந்த லீக்கில் 10,000 புள்ளிகளைத் தாண்டிய முதல் வீராங்கனை ஆனவர். இவரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் இந்தச் சாதனைகளோடு நின்றுவிடுகின்றன. 2005 முதல் 2017 வரையிலான காலத்தில் இவருடைய வருமானத்தின் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வரவில்லை. ரஷ்யாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்தது. தன் நாட்டிலேயே தலைசிறந்தவர் என்று ஏற்கப்பட்ட ஒருவர் பிழைப்புக்காக ஏன் ஆண்டுதோறும் கடல் கடக்க வேண்டியிருந்தது, அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முன்னோடிகள்

அமெரிக்கப் பெண்கள் வெளிநாட்டில் ஆடுவது டவ்ராசியோடு தொடங்கியதல்ல. டபிள்யூ.என்.பி.ஏ. 1997இல்தான் தன் முதல் ஆட்டத்தை நடத்தியது. அதற்கு முன் கல்லூரிப் படிப்பு முடிந்த பிறகும் ஆட விரும்பிய பெண்ணுக்கு உள்நாட்டில் நிலையான வழி எதுவும் இருக்கவில்லை. சிந்தியா கூப்பர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1986இல் ஸ்பெயினுக்குச் சென்ற அவர், பின்னர் இத்தாலியில், பெரும்பாலும் பார்மா நகரக் கழகத்துக்காக, ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆடினார். டபிள்யூ.என்.பி.ஏ. தொடங்கியபோது அவருக்கு வயது 34. அந்த வயதில் ஊர் திரும்பி, ஹூஸ்டன் காமெட்ஸ் அணிக்கு முதல் நான்கு ஆண்டுகளும் கோப்பை வாங்கித் தந்தார். அவருடைய இளமைக்கால ஆட்டத்தை அமெரிக்க ரசிகர்கள் பார்க்கவே இல்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புதிய லீக் வந்த பிறகும் நிலைமை முழுவதும் மாறவில்லை. ஆண்களுக்கான என்.பி.ஏ. குளிர்காலத்தில் ஆடுகிறது, அரங்குகளும் தொலைக்காட்சி நேரமும் அப்போது அதற்கே போய்விடும். ஆகவே பெண்கள் லீக் கோடையில் வைக்கப்பட்டது. ஐரோப்பியக் கழகங்களின் பருவமோ அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. ஒன்று முடிந்தால் மற்றது தொடங்கும். சம்பளம் குறைவாக இருந்ததால், இந்த இடைவெளி ஓய்வுக்குரியதாக இல்லாமல் இரண்டாவது வேலைக்குரியதாக ஆனது. காலப்போக்கில் எது முதல் வேலை, எது இரண்டாவது வேலை என்பதே குழம்பிப் போனது.

மாஸ்கோவுக்கு

டவ்ராசியின் பெற்றோர் அர்ஜென்டினாவிலிருந்து கலிபோர்னியாவில் குடியேறியவர்கள். இத்தாலியில் பிறந்த தந்தை, தொழில்முறைக் கால்பந்தாட்டத்தில் கோல்காப்பாளராக இருந்தவர். வீட்டில் ஸ்பானிய மொழி பேசி வளர்ந்த டவ்ராசி, கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மாவிடம் பயின்று, 2002, 2003, 2004 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேசியக் கல்லூரிப் பட்டம் வென்ற அணியில் ஆடினார். 2004ஆம் ஆண்டின் வீராங்கனைத் தேர்வில் பீனிக்ஸ் மெர்க்குரி அணி இவரை முதலாவதாக எடுத்துக்கொண்டது. அவ்வாறு முதலிடத்தில் தேர்வான வீராங்கனைக்கு முதல் ஆண்டுச் சம்பளம் சுமார் 40,000 டாலர். அமெரிக்காவில் ஒரு பள்ளி ஆசிரியரின் ஊதியத்தோடு ஒப்பிடத்தக்க தொகை அது.

2005இல் டைனமோ மாஸ்கோ அணியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, மாஸ்கோவுக்கு வெளியே வித்னோயே நகரில் இயங்கிய ஸ்பார்ட்டக் அணிக்கு மாறினார். அந்த அணியின் உரிமையாளர் ஷப்தாய் கல்மனோவிச். லித்துவேனியாவில் பிறந்து இஸ்ரேலில் குடியேறிய இவர், சோவியத் ஒன்றியத்துக்காக உளவு பார்த்த குற்றத்துக்கு 1988இல் அங்கே 9 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றவர். 1993இல் விடுதலையாகி ரஷ்யா சென்று பெரும் பணம் சேர்த்தார். பெண்கள் கூடைப்பந்தின் மீது அவருக்கு இருந்தது வியாபார ஆர்வம் அன்று. டிக்கெட் விற்பனையிலிருந்தும் தொலைக்காட்சி உரிமையிலிருந்தும் வந்தது மிகக் குறைவு. அணியை நடத்தியது அவருடைய சொந்தப் பணம்.

டவ்ராசி, சூ பேர்டு, டீனா தாம்சன், ஆஸ்திரேலியாவின் லாரன் ஜாக்சன் போன்றவர்களை அவர் ஒரே அணியில் சேர்த்தார். நீச்சல் குளத்துடன் கூடிய பெரிய வீடு, தனி விமானம், விலையுயர்ந்த பரிசுகள் என எதிலும் குறை வைக்கவில்லை. அதே வீராங்கனைகள் கோடையில் அமெரிக்காவுக்குத் திரும்பினால் சாதாரணப் பயணிகள் விமானத்தில் வரிசையில் நின்று ஏற வேண்டும். (டபிள்யூ.என்.பி.ஏ. தன் அணிகள் அனைத்துக்கும் தனி விமானம் கொடுத்தது 2024இல்தான்.)

ஸ்பார்ட்டக் 2007 முதல் 2010 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஐரோப்பாவின் உயரிய கோப்பையான மகளிர் யூரோலீக்கை வென்றது. நான்கிலும் டவ்ராசி இருந்தார். 2007, 2009 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வசந்த காலத்தில் ஐரோப்பியக் கோப்பையையும், அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் பீனிக்ஸ் அணியோடு அமெரிக்கக் கோப்பையையும் வென்றார். 2009இல் டபிள்யூ.என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த வீராங்கனை விருதும் அவருக்கே.

அந்த வெற்றி கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2009 நவம்பர் 2ஆம் நாள் மாஸ்கோ நகரில், காரில் சென்றுகொண்டிருந்த கல்மனோவிச்சை ஆயுதம் தாங்கியவர்கள் சுட்டுக் கொன்றனர். அணியின் நிர்வாகத்தை அவருடைய மனைவியும் முன்னாள் வீராங்கனையுமான அன்னா அர்கிபோவா ஏற்று நடத்தினார். அந்தப் பருவத்தையும் கோப்பையுடன் முடித்தார்கள். ஆனால் ஒரே மனிதரின் பணப்பையை நம்பி நிற்கும் கழகம் எவ்வளவு காலம் நிற்கும்? அடுத்த பருவத்தில் டவ்ராசி அங்கே இல்லை.

அங்காரா ஆய்வகம்

2010இல் இஸ்தான்புல்லின் ஃபெனர்பாச்சே அணியில் சேர்ந்தார். அந்த ஆண்டின் இறுதியில், அவரது சிறுநீர் மாதிரியில் மோடாஃபினில் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து இருந்ததாக அறிவிக்கப்பட்டது. அளவுக்கு மீறிய தூக்க நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்து அது. தாம் அதை உட்கொள்ளவே இல்லை என்று டவ்ராசி மறுத்தார். கழகம் காத்திருக்கவில்லை, ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. அவர் ஊர் திரும்பினார். குற்றம் உறுதியாகியிருந்தால் இரண்டு ஆண்டுகள் வரை தடை வந்திருக்கும். 2012 லண்டன் ஒலிம்பிக்கும் கைநழுவியிருக்கும்.

2011 பிப்ரவரியில், மாதிரியை ஆய்வு செய்த அங்காரா ஆய்வகம் தன் அறிக்கையைத் திரும்பப் பெற்றது. துருக்கிக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு தடையை நீக்கியது. ஆய்வகத்தின் தவறு என்று ஆன பிறகும், அந்தப் பருவம் திரும்பி வரவில்லை. வெளிநாட்டில் தனியாக ஒப்பந்தம் செய்து ஆடுபவருக்குப் பின்னால் நிற்க எவரும் இல்லை என்பதை இந்த நிகழ்வு நன்றாகக் காட்டுகிறது. இதற்குப் பிறகு அவர் துருக்கியின் பக்கமே தலைவைக்க மாட்டார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் 2011-12 பருவத்தில் அதே இஸ்தான்புல்லில், ஃபெனர்பாச்சேயின் பரம எதிரியான கலாத்தசராய் அணிக்காக ஆடினார்! லண்டனிலும் தங்கம் வென்றார்.

ஆடாமல் இருக்கச் சம்பளம்

2012 முதல் 2017 வரை, யூரல் மலைப்பகுதியில் உள்ள எகதெரின்பர்க் நகரின் யு.எம்.எம்.சி. அணியில் ஆடினார். பெயரிலேயே உரிமையாளர் இருக்கிறார்: யூரல் சுரங்க, உலோகவியல் நிறுவனம். செம்பு உருக்கிய பணத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரிய பெண்கள் அணி உருவானது. 2013, 2016 ஆண்டுகளில் அங்கும் யூரோலீக் வென்றதால் அவருடைய ஐரோப்பியக் கோப்பைகள் ஆறாயின.

2014 செப்டம்பரில் பீனிக்ஸ் மூன்றாம் முறையாக அமெரிக்கப் பட்டம் வென்றது. சில மாதங்களில், 2015 பிப்ரவரியில், டவ்ராசி ஓர் அறிவிப்பை வெளியிட்டார்: வரும் கோடையில் டபிள்யூ.என்.பி.ஏ.வில் ஆடப்போவதில்லை. ரஷ்யக் கழகம் அவரை ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தது. அந்த ஓய்வுக்கு, அவருடைய அமெரிக்கச் சம்பளத்தைவிட அதிகமாகப் பணமும் கொடுத்தது.

அன்று வெளியான கணக்கு இது. டபிள்யூ.என்.பி.ஏ.வில் அவருக்குக் கிடைத்தது 1,07,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. லீக் அனுமதித்த உச்சவரம்பை ஒட்டிய தொகை. ரஷ்யாவில் கிடைத்ததாகச் செய்திகள் கூறியது ஏறத்தாழ 15 லட்சம் டாலர், அதாவது சுமார் 14 மடங்கு. அதே காலத்தில் ஆண்களின் என்.பி.ஏ.வில் அனுபவமே இல்லாத புதியவருக்கான குறைந்தபட்சச் சம்பளம் 5,07,336 டாலர். இதைப் படித்த பிறகு, அவர் பணத்துக்காக நாட்டு ரசிகர்களைக் கைவிட்டார் என்ற குற்றச்சாட்டில் பொருளிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பத்தாண்டுக்கும் மேலாகக் கோடையும் குளிர்காலமும் ஓடிய கால்கள் அவருடையவை. அந்தக் கால்களுக்கு ஓய்வு வாங்கிக் கொடுக்க முன்வந்தது அந்நிய நாட்டுச் சுரங்க நிறுவனம்தான். அவர் இல்லாமலேயே பீனிக்ஸ் அவ்வாண்டு மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்று வரை சென்றது. அடுத்த ஆண்டு டவ்ராசி திரும்பி வந்தார். 2017 ஜூனில் டீனா தாம்சனைக் கடந்து லீக்கின் மிக அதிகப் புள்ளிகள் எடுத்தவர் ஆனார். அந்த ஆண்டோடு வெளிநாட்டு ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.

நாட்டுப்பற்றுக் கேள்வி இன்னொருவரிடம் இதைவிடக் கடுமையாகக் கேட்கப்பட்டது. தெற்கு டகோட்டாவில் பிறந்த பெக்கி ஹாம்மன், அமெரிக்க ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்காத நிலையில் ரஷ்யக் குடியுரிமை பெற்று, 2008 பெய்ஜிங்கில் ரஷ்யாவுக்காக ஆடி வெண்கலம் வென்றார். அமெரிக்கப் பயிற்சியாளர் ஆன் டோனவனே அவரது நாட்டுப்பற்றை வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். ஹாம்மன் பின்னாளில் அமெரிக்காவிலேயே பயிற்சியாளராகி, லாஸ் வேகஸ் அணிக்குப் பட்டங்கள் வென்று கொடுத்தார்.

பின்வந்தவர்கள்

டவ்ராசி போட்ட பாதையில் வந்தவர்களுக்கு ஆபத்துகள் பெருகின. 2018இன் மிகச் சிறந்த வீராங்கனையான பிரியானா ஸ்டூவர்ட், 2019 ஏப்ரல் 14 அன்று ஹங்கேரியின் ஷோப்ரோன் நகரில் நடந்த யூரோலீக் இறுதி ஆட்டத்தில், டைனமோ குர்ஸ்க் அணிக்காக ஆடும்போது குதிகால் தசைநார் அறுந்து விழுந்தார். அவ்வாண்டின் டபிள்யூ.என்.பி.ஏ. பருவம் முழுவதையும் இழந்தார். வேறு நாட்டுக் கழகத்துக்காக ஆடும்போது பட்ட காயத்தால், தன் முதல் நட்சத்திரம் இல்லாமல் அமெரிக்க லீக் அந்த ஆண்டைத் தொடங்க வேண்டியதாயிற்று.

2020 ஜனவரியில் லீக்கும் வீராங்கனைகள் சங்கமும் செய்த புதிய ஒப்பந்தம் உச்சச் சம்பளத்தை 2,15,000 டாலராக உயர்த்தியது. உடன் ஒரு நிபந்தனையும் சேர்ந்தது: வெளிநாட்டுப் பருவம் நீண்டு, அமெரிக்கப் பருவத்துக்குத் தாமதமாக வரும் அனுபவமுள்ள வீராங்கனைக்கு 2023 முதல் அபராதம், 2024 முதல் அந்தப் பருவமே கிடையாது.

அந்த நிபந்தனை நடைமுறைக்கு வருவதற்கு முன்பே ரஷ்யக் கதவு மூடிக்கொண்டது. பீனிக்ஸிலும் எகதெரின்பர்க்கிலும் டவ்ராசியின் சக வீராங்கனையாக இருந்த பிரிட்னி கிரைனர், 2022 பிப்ரவரி 17 அன்று மாஸ்கோவின் ஷெரமெத்யேவோ விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அவரது பெட்டியில் கஞ்சா எண்ணெய் அடங்கிய மின்சிகரெட் குப்பிகள் இருந்தன என்பது குற்றச்சாட்டு. ஒரு வாரத்தில் உக்ரைன் போர் தொடங்கியது. ஆகஸ்டு 4 அன்று 9 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் மொர்தோவியாவில் உள்ள தண்டனை முகாமுக்கு அனுப்பப்பட்டார். டிசம்பர் 8 அன்று, அமெரிக்கச் சிறையில் இருந்த ஆயுத வியாபாரி விக்டர் பூட்டுக்கு மாற்றாக அபுதாபி விமான நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டார். டவ்ராசி பல குளிர்காலங்களில் சென்று வந்த அதே ஊருக்கு, அதே கழகத்துக்கு, அதே காரணத்துக்காகத்தான் கிரைனரும் போய்க்கொண்டிருந்தார். ஒலிம்பிக்குக்காக அன்றி இனி வெளிநாட்டில் ஆடப்போவதில்லை என்று 2023இல் அறிவித்தார்.

2025 ஜனவரியில் ஸ்டூவர்ட்டும் நபீசா காலியரும் சேர்ந்து, குளிர்காலத்திலும் வீராங்கனைகள் உள்நாட்டிலேயே ஆடுவதற்காக மயாமியில் ‘அன்ரைவல்ட்’ என்ற லீக்கைத் தொடங்கினர். அணிக்கு மூன்று பேர் ஆடும் லீக் அது. ஆடுபவர்களுக்கு அதில் பங்கும் உண்டு. அடுத்த மாதம் தம் 42ஆம் வயதில் டவ்ராசி ஓய்வை அறிவித்தார்.