அயர்லாந்தின் கைவைத்தியம்

ஒரு தேசத்தின் வைத்திய சரித்திரத்தை ஆஸ்தான மருத்துவர்கள் எழுதிவைத்த நூல்களிலிருந்து மட்டும் அறிய முயல்வோர், அத்தேசத்து ஏழை ஜனங்கள் நோயுற்றபோது எதை நம்பிப் பிழைத்தார்கள் என்பதை அறியமாட்டார்கள். அயர்லாந்தில் தாமண்ட் பிரதேசத்து ஓ'பிரையன் பிரபுக்களுக்கு ஓ'ஹிக்கி வம்சத்தார் பரம்பரை வைத்தியர்களாக விளங்கினர். இத்தகைய குடும்பங்கள் லத்தீன் மருத்துவ நூல்களை ஐரிஷ் மொழியில் பெயர்த்துப் போற்றின. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய ஆதிக்கம் பழைய ஐரிஷ் ஆட்சிமுறையைச் சிதைக்கவே, அவ்வம்சங்கள் ஆதரவிழந்தன.

ஆயினும் குடியானவர் வீடுகளில் வைத்தியம் அழியவில்லை. கடற்கரையோரத்தார் காரகீன் என்னும் பாசியைப் பாலில் காய்ச்சி இருமலுக்குக் கொடுத்தார்கள். நெட்டில் என்னும் சுணைச்செடி பட்டுத் தடித்த இடத்தில் டாக் என்னும் செடியின் இலையைத் தேய்த்தார்கள். க்ஷயரோகிக்கு முல்லின் என்னும் செடியின் இலையைப் பாலிலிட்டுக் கொதிக்கவைத்துப் புகட்டினார்கள். பிப்ரவரி முதல் தேதி புனித பிரிஜித்தின் திருநாளாகையால், அதற்கு முந்திய இரவு வீட்டுக்கு வெளியே போட்டுவைத்த துணியைப் பத்திரப்படுத்தித் தலைவலி கண்டவர்களுக்குக் கட்டினார்கள். படர்தாமரையைக் குணமாக்கும் சக்தி தொடர்ந்து பிறந்த ஏழு ஆண்மக்களில் கடைசியானவனுக்கு உண்டென்றும், பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் புகுந்த வீட்டுக் குடும்பப்பெயரும் ஒன்றாகவே அமைந்த பெண்ணின் கையால் ரொட்டி வாங்கித் தின்றால் குழந்தையின் கக்குவான் நீங்குமென்றும் நம்பினார்கள்.

இவற்றுள் மூலிகைச் சிகிச்சையும் உண்டு, வெறும் நம்பிக்கையும் உண்டு. ஆனால் இரண்டையும் ஒருங்கே ஆண்ட தர்மம் ஒன்றிருந்தது. குணப்படுத்தும் வரம் பெற்றவர் அதற்குக் கூலி கேட்கலாகாது. கேட்டால் வரம் பலிக்காது என்பது நாடெங்கும் பரவிய கொள்கை. பல ஊர்களில் வாயால் நன்றி சொல்வதுகூட விலக்கப்பட்டிருந்தது. பஞ்சமும் குத்தகைச் சுமையும் வாட்டிய குடும்பங்களுக்கு இதனால் அண்டைவீட்டாரின் உதவி விலையின்றிக் கிடைத்தது.

விடுதலை பெற்ற அயர்லாந்து இச்செல்வத்தை அலட்சியம் செய்யவில்லை. 1935இல் அரசாங்கம் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்றை நிறுவிற்று. 1937 முதல் 1939 வரை, ஏறத்தாழ 5,000 ஆரம்பப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 50,000 மாணவர்கள், தங்கள் பாட்டன் பாட்டிமாரையும் ஊர்ப் பெரியோரையும் கேட்டு, உள்ளூர் வைத்தியம் உட்படப் பல பொருள்களைப் பற்றி எழுதிக் குவித்தார்கள். அவ்வேடுகள் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் காக்கப்படுகின்றன. அவற்றிலுள்ள மருந்துகளெல்லாம் பலிக்குமென்று எவரும் வாதிட வேண்டியதில்லை. பிறர் நோயை விலைபேசலாகாது என்று ஏழைகள் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட அந்த நியதியோ எத்தேசத்துக்கும் எக்காலத்துக்கும் ஏற்றதாகும்.