நோன்பு என்றொரு சொல்

ஒரு சமயம் புதியதொரு மொழிக்குள் வரும்போது அதன் முன் இரண்டு வழிகள் இருக்கும். தன்னுடைய சொற்களையே அங்கும் கொண்டுசென்று வழங்குவது ஒன்று. அந்த மொழியில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கும் சொற்களைத் தனதாக்கிக்கொள்வது மற்றையது. இஸ்லாம் தமிழுக்கு வந்தபோது இவ்விரண்டும் நடந்தன. நபி, ஈமான், ஸக்காத், ஹஜ் முதலியன அரபுச் சொற்களாகவே நிலைத்தன. ஆனால் ஐம்பெருங் கடமைகளுள் இரண்டுக்குத் தமிழ் பேசும் முஸ்லிம்கள் பழந்தமிழ்ச் சொற்களையே எடுத்துக்கொண்டார்கள். 'ஸலாத்' தொழுகையாயிற்று, 'ஸவ்ம்' நோன்பாயிற்று. இவற்றுள் இரண்டாவது சொல்லின் வழியே ரமழான் மாதத்தின் வரலாற்றையும், அது நமது நாட்டுத் தமிழோடு கொண்ட உறவையும் இன்று நோக்கலாம் என எண்ணுகிறேன்.

நோன்பு என்பது 'நோல்' என்னும் வினையடியாகப் பிறந்த சொல். பொறுத்தல், தவம் புரிதல் என்பன அதன் பொருள்கள். வெறுமனே உண்ணாதிருத்தல் மட்டுமன்று. வள்ளுவர் தவம் பற்றிப் பேசுமிடத்துத் தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தலையும் பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமையையுமே தவத்தின் வடிவமாகக் காட்டுகிறார். துறவு பற்றிப் பேசுமிடத்து, உடைமை ஒன்றும் இல்லாதிருத்தலே நோன்பின் இயல்பு என்கிறார். சிலப்பதிகாரத்தில் சமணத் துறவியான கவுந்தியடிகள் கோவலன் முடிவைக் கேட்டு உண்ணா நோன்பிருந்து உயிர் விடுகிறார். வைணவத்தில் ஆண்டாளின் பாவை நோன்பு மார்கழி முழுவதற்கும் உரியது. சமணம் ஆண்ட சொல்லை வைணவம் ஆண்டது. பின்னர் இஸ்லாமும் அதனை ஆண்டது. ஒரே சொல் இத்தனை வாயில்களையும் கடந்து வந்திருக்கிறது.

இந்துக் கல்லூரி ஒன்றிலே தமிழ் கற்பிப்பவன் நான். நோன்பு என்றால் என்ன என்று வகுப்பிலே கேட்டால், "முஸ்லிம்கள் பிடிக்கிறது, சேர்" என்ற விடையே முதலில் வரும். அம்மாணவர் வீடுகளிலே கந்தசஷ்டியும் கேதார கௌரியும் 'விரதம்' என்றே வழங்குகின்றன. விரதம் வடசொல். பழந்தமிழ்ச் சொல்லை நாள்தோறும் நாவில் வைத்துக் காத்தவர்கள் முஸ்லிம்களே என்பது எம்போன்றோர் மனங்கொள்ளத்தக்கது.

இனி ரமழானின் வரலாற்றுக்கு வருவோம். கி.பி. 610ஆம் ஆண்டளவில், மக்கா நகரின் அருகே ஹிறா மலைக் குகையில் தனித்திருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதல் இறைவசனங்கள் அருளப்பெற்றது ரமழான் மாதத்தின் ஓர் இரவிலாகும். அந்த இரவே லைலத்துல் கத்ர் எனப் போற்றப்படுகின்றது. மாதத்தின் இறுதிப் பத்து நாட்களின் ஒற்றைப்பட்ட இரவுகளில் அதனைத் தேடுமாறு சொல்லப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலும் இருபத்தேழாம் இரவு சிறப்பாகக் கொள்ளப்படுகின்றது. எனினும் ரமழான் முழுவதும் நோன்பிருப்பது அப்போதே கடமையாகிவிடவில்லை. 622இல் நபிகளார் மதீனாவுக்குப் புலம்பெயர்ந்தார்கள். அதன்பின், ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டில், அதாவது 624ஐ ஒட்டியே அது கடமையாக்கப்பட்டது. சொந்த ஊரையும் வீட்டையும் விட்டு வந்து, பிறர் ஊரிலே பிறர் ஆதரவில் வாழ்ந்த ஒரு சமூகம் நோற்ற நோன்பு அது. இந்தச் செய்தியை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

நோன்பை விதிக்கும் அல்குர்ஆன் வசனத்தின் கருத்தொன்று எப்போதும் என்னைக் கவர்வது. உங்களுக்கு முன்னிருந்தோர்க்கும் இது விதிக்கப்பட்டிருந்தது என்று அது சொல்கிறது. புதிய கடமையை அறிவிக்கும்போதே அதன் பழைமையையும் அது ஒப்புக்கொள்கிறது. நோயாளிக்கும் பிரயாணிக்கும் சலுகை உண்டு; விடுபட்ட நாட்களை வேறு நாட்களில் நோற்கலாம். நோற்க இயலாத முதியோர் ஏழைக்கு உணவளித்து ஈடு செய்யலாம். உடலை வருத்துவதன்று, இறையச்சம் உண்டாவதே இதன் நோக்கம் என்பது இவற்றால் தெளிவாகும்.

ரமழான் ஒரு புனித பருவம் என்கிறோம். ஆனால் அதற்கென்று ஒரு பருவகாலம் இல்லை. சந்திரனின் பன்னிரண்டு மாதங்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 354 நாட்களே வரும். சூரிய ஆண்டைவிட அது பதினொரு நாட்கள் குறைவு. நமது பஞ்சாங்க மரபு, ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை அதிக மாதம் ஒன்றைச் சேர்த்து இந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. அதனால் தீபாவளி மாரிக்கு அப்பால் போவதில்லை. பண்டைய அரபு மக்களிடமும் மாதங்களைத் தள்ளிவைக்கும் வழக்கம் இருந்தது. வணிகத்துக்கும் போருக்கும் வசதியாகப் புனித மாதங்களை அவர்கள் இடம் மாற்றினார்கள். அல்குர்ஆன் அவ்வழக்கத்தைக் கண்டித்தது. 632இல் நபிகளார் நிகழ்த்திய இறுதி ஹஜ்ஜுப் பேருரையிலும் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதங்களே என்பது உறுதி செய்யப்பட்டது.

இதன் விளைவாக ரமழான் ஆண்டுதோறும் பதினொரு நாட்கள் முன்னே நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாக் காலங்களையும் ஒருமுறை சுற்றி வருகிறது. வட ஐரோப்பாவில் கோடையில் வந்தால் பதினெட்டு மணித்தியாலத்துக்கும் மேற்பட்ட பகல். மாரியில் வந்தால் மிகக் குறுகிய பகல். பூமத்திய ரேகைக்கு அண்மையில் உள்ள நமக்கோ எக்காலத்திலும் ஏறத்தாழ பதின்மூன்று, பதினான்கு மணித்தியாலம். எந்த ஒரு நாட்டாருக்கும் கடினமான நோன்பே என்றும் வாய்ப்பதில்லை. எவருக்கும் இலகுவான நோன்பே என்றும் வாய்ப்பதுமில்லை. நாட்காட்டிக்குள்ளே இப்படியொரு நீதி அமைந்திருக்கிறது.

பகல் நோன்புக்கு இணையாக இந்த மாதத்தின் இரவுக்கும் ஒரு வரலாறு உண்டு. தறாவீஹ் எனப்படும் இரவுத் தொழுகையை நபிகளார் சில இரவுகள் மக்களோடு சேர்ந்து தொழுதார்கள். அது மக்கள் மீது கட்டாயக் கடமையாகிவிடுமோ என அஞ்சிப் பின்னர் கூட்டாகத் தொழுவதை நிறுத்தினார்கள். இரண்டாம் கலீபா உமர் (ரலி) அவர்கள், பள்ளிவாசலில் தனித்தனியே தொழுதுகொண்டிருந்தவர்களை உபை இப்னு கஃப் என்பாரின் பின்னால் ஒரே அணியாக நிறுத்தினார்கள். அன்று தொடங்கிய வழக்கமே இன்றும் தொடர்கிறது. அல்குர்ஆனின் முப்பது பாகங்களையும் மாதத்துக்குள் ஓதி முடிப்பதும் உண்டு. நமது கோயில்களில் நாட்கணக்காக நடக்கும் கந்தபுராணப் படிப்பைக் கேட்டு வளர்ந்தோருக்கு, ஒரு பெருநூலை ஊர் கூடி முதலிலிருந்து கடைசிவரை செவியால் அறிவதன் சுவை புரியும்.

இந்த வணக்க வாழ்வு தமிழில் எவ்வாறு தன்னை வெளிப்படுத்திக்கொண்டது? முதலில் பேச்சுவழக்கைப் பார்க்கலாம். நோன்பு பிடித்தல், நோன்பு திறத்தல், தலைப்பிறை, பெருநாள் என்பனவெல்லாம் நல்ல தமிழ். இவற்றுள் 'திறத்தல்' கருதத்தக்கது. 'இப்தார்' என்ற அரபுச் சொல்லின் வேரிலே பிளத்தல், பிளந்து திறத்தல் என்ற கருத்து இருக்கிறது. நோன்பை 'முடித்தல்' என்றோ நாம் விரதத்துக்குச் சொல்வதுபோலப் 'பாறணை' என்றோ சொல்லாமல், 'திறத்தல்' என்றார்கள். பூட்டியிருந்த ஒன்று திறக்கப்படுகிறது. மூலத்தின் உயிரைப் பிடித்துக்கொண்ட மொழிபெயர்ப்பு இது. செய்தவர் பெயர் எவருக்கும் தெரியாது. 'பள்ளி' என்ற சொல்லும் அவ்வாறே. சமண, பௌத்தத் துறவிகள் வாழ்ந்த இடத்தைக் குறித்த சொல், பள்ளிவாசலாகி இன்றும் வாழ்கிறது.

எழுத்திலக்கியத்தை நோக்கினால், இன்று கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படும் ஆயிர மசலா 1572இல் அரங்கேறியது. அடுத்த நூற்றாண்டில் உமறுப்புலவர் தமிழ்க் காப்பிய மரபிலே சீறாப்புராணத்தைப் பாடினார். ரமழான் பதினேழாம் நாள் நிகழ்ந்த பத்றுப் போர் அக்காப்பியத்தில் தனிப் படலமாகவே அமைந்துள்ளது. வணக்க முறைகளையும் மார்க்கச் சட்டங்களையும் சாதாரண மக்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு எடுத்துச் சொல்ல, தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ் பெரிதும் உதவியது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அரபுத் தமிழில் எழுதியவருள் முதன்மையானவர். இலங்கையிலும் நெடிது பணியாற்றியவர். சித்திலெவ்வை 1882இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை, தமிழையும் அரபுத் தமிழையும் ஒருங்கே தாங்கி வந்தது. இவ்விலக்கியச் செல்வத்தைத் தேடித் தொகுத்து வரலாறாக்கியவர் நமது நாட்டவரான பேராசிரியர் ம. மு. உவைஸ்.

நூல்களுக்கு வெளியேயும் சான்றுண்டு. மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தார். அதற்கு முன் மாலைதீவில் தங்கியிருந்தபோது, சரந்தீபின் பாதமலையைத் தரிசித்துத் திரும்பிய பக்கீர்களுக்கு ஒரு ரமழான் இரவில் விருந்தளித்ததாக எழுதியிருக்கிறார். விருந்தின் பின் அவர்கள் பாடி ஆடித் தீயிலும் நடந்தார்களாம். நமது தீமிதிப்பை அறிந்தோர்க்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது. பின்னர் அவர் இலங்கையில் வந்திறங்கிய இடத்தைப் பத்தாலா என்கிறார். அதுவே புத்தளம் என்பது அறிஞர் பலரின் கருத்து. அங்கே அவரை வரவேற்றவர் தமிழ் மன்னரான ஆரியச் சக்கரவர்த்தி. அவர் அந்த முஸ்லிம் யாத்திரிகருக்குப் பல்லக்குக் கொடுத்தார். வழித்துணையாக நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் வேறு ஆட்களையும் அனுப்பி, பாதமலைக்கு வழியனுப்பினார்.

அந்த உறவு பிற்காலத்திலும் பல வடிவங்களில் தொடர்ந்தது. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றவர். இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவரே. 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக விளங்கினார். 1963இல் 'இலங்கையில் இஸ்லாம்' என்ற நூலைத் தமிழில் தந்தார். இந்துக் கல்லூரியில் பெற்ற தமிழ், இஸ்லாத்தை எழுதும் தமிழாயிற்று. எமது கல்வி மரபு பெருமைப்படத்தக்க செய்தி இது.

ஆனால் பெருமையோடு மட்டும் இவ்வரலாற்றை நிறுத்திவிட்டால் அது பாதி உண்மையாகவே இருக்கும். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் நின்றவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் திகதி அவர்களுக்குக் கிடைத்தது சில மணித்தியால அவகாசமே. கொண்டு செல்லும் பணத்துக்கும் வரையறை இடப்பட்டது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், தொழுகை என்றும் பள்ளி என்றும் நோன்பு என்றும் நமது சொற்களாலேயே இறைவனை வணங்கியவர்கள், தமிழின் பெயரால் நடந்த ஒரு போராட்டத்தால் தமிழ் நிலத்திலிருந்து அகற்றப்பட்டார்கள். மொழி ஒன்றாயிருந்தும் அது அவர்களைக் காக்கவில்லை. தமிழ் கற்பிப்போர் எவரும் இந்த உண்மையைத் தாண்டிச் செல்ல முடியாது.

அவர்களுள் மிகப் பலர் போய்ச் சேர்ந்த இடம் புத்தளம். ஆரியச் சக்கரவர்த்தி முஸ்லிம் யாத்திரிகருக்குப் பல்லக்குக் கொடுத்தனுப்பிய அதே புத்தளத்துக்கு, அவருடைய நாடாயிருந்த வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெறுங்கையோடு வந்தார்கள். 1991 மார்ச் மாதத்தில் தலைப்பிறை தென்பட்டது. ஓலைக் கொட்டில்களில் அவர்கள் ரமழான் நோன்பு பிடித்தார்கள். ஊரை இழந்து மதீனாவில் வாழ்ந்தவர்களின் முதல் ரமழானை அவர்கள் அப்போது நினைத்திருப்பார்கள் என்றே எண்ணுகிறேன். நோன்பு என்ற சொல்லுக்குப் பொறுத்தல் என்ற பழம்பொருள் அந்த ஆண்டில் முழுமையாகவே பொருந்திற்று.

ரமழான் 33 ஆண்டுகளில் ஒரு முழுச்சுற்றுச் சுற்றி வரும் என்று மேலே சொன்னேன். 1991 மார்ச்சில் அகதி முகாமில் தொடங்கிய அந்த மாதம், மாரியையும் கோடையையும் கடந்து, 2024இல் மீண்டும் மார்ச்சில் வந்து சேர்ந்தது. 2009இல் போர் முடிந்தபின் சிலர் வடக்கிலே மீளக் குடியேறியிருக்கிறார்கள். அங்குள்ள பள்ளிவாசல்களில் மீண்டும் நோன்புக் கஞ்சி காய்ச்சப்படுகிறது. மஃரிப் பாங்கு ஒலிக்கிறது. புத்தளத்திலேயே வேர்கொண்டுவிட்டோரும் பலர். அங்கே பிறந்த பிள்ளைகள் பெற்றோர் ஆகிவிட்டார்கள். மாதம் தன் சுற்றை முடித்துப் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மனிதர் எல்லோரும் அவ்வாறு வந்துவிடவில்லை. அடுத்த சுற்று தொடங்கியிருக்கிறது. அதற்குள் நமது வகுப்பறைகளிலே சீறாப்புராணம் 'அவர்களுடைய' இலக்கியம் என்ற நிலை மாறி, நோன்பு என்ற சொல்லுக்கு எல்லாப் பொருளும் சொல்லத் தெரிந்த மாணவர்கள் எழ வேண்டும். அது ஆசிரியர்களாகிய எங்கள் கையில் உள்ளது.